வாசகர் கேள்வி பதில்: சேற்றில் ஓட்டியவர் மணலில் ஓட்டலாமா?

போன மாதம் வெளிநாட்டில் வாடகை வண்டி எடுப்பது பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாலைவனத்தைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அண்ணே, வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வருடக் கடைசி பள்ளி விடுமுறைக்குத் துபாய் போக டிக்கெட் எடுத்துவிட்டோம். நான், கணவர், 9 வயது மகன், 3 வயது மகள், என் மாமியார் என்று ஐந்து பேர். கணவர் தோட்டத்தில் தினமும் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிக்கொண்ட குலை லாரியைக்கூட இழுத்து விட்டிருக்கிறார். வண்டியில் பாலைவனம் சுற்றிக் காட்டுகிற சஃபாரிக்காரர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பதைவிட ஒரு ஃபோர் வீல் வண்டியை வாடகைக்கு எடுத்து நாமே மணலில் இறங்கலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் "உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்" என்கிறார். நீங்கள் எழுதினால் படிப்பார்.

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. தம்பியின் தைரியத்திலும் குறை சொல்ல மாட்டேன், அடைமழையில் செம்பனைக் காட்டு மண் ரோட்டில் ஹைலக்ஸ் ஓட்டுகிறவருக்கு யாரும் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத்தர வேண்டாம். ஆனால் சேறு அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மணலில் அப்படியே தலைகீழாகிவிடும், அது அவருக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இங்கே தோட்டத்துப் பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு அபுதாபி பக்கம் ஒரு கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவன் நான்.

சேற்றில் என்ன செய்வோம்? பட்டை பெரிதாக வெட்டிய டயர் போட்டு, எண்ணெயை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதித்து, சக்கரம் சுற்றச் சுற்ற ஒட்டிய சேறு பிய்ந்து பறந்து, டயர் அடியில் இருக்கிற கெட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வண்டி ஏறிவிடும். மணலில் அந்தக் கெட்டி மண்ணே கிடையாது. எண்ணெயை மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும், நாலைந்து விநாடியில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றுகிற மாதிரிதான். நான் அங்கே போன முதல் குளிர்காலத்தில் இதைத்தான் செய்தேன். சின்ன மேடுதானே என்று பழைய பழக்கத்தில் அழுத்தினேன், உட்கார்ந்துவிட்டது. கூட வந்தவர் வண்டி ஒன்று இருந்ததால் பிழைத்தோம். அப்படியும் கையாலும் தகரத் தட்டாலும் மணலை அள்ளி வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. வண்டிக்குள் அன்று குழந்தையும் இல்லை, வயதானவர்களும் இல்லை. உங்கள் வண்டியில் இரண்டு பேருமே இருக்கப் போகிறார்கள், அதை மட்டும் தம்பி ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது பயத்தைப் பற்றியது இல்லை, பணத்தைப் பற்றியது. வாடகைக் கம்பெனி கொடுக்கிற ஒப்பந்தத் தாளை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். வண்டி ஃபோர் வீல்தான், பெயரும் லேண்ட் குரூசர்தான், ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். மணலில் இறங்கிய நிமிடமே காப்புறுதி செல்லாது. முழுக் காப்புறுதி என்று கூடுதல் பணம் கட்டி வாங்கினாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவை பல நேரம் அதில் வராது, மணலில் அடிபடுவதோ இவைதான். வண்டி எங்கே போனது என்று காட்டும் கருவியை உள்ளே வைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு. அந்த நாட்டில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்தப் பட்டறையும் மோதின வண்டியில் கை வைக்காது, அதனால் கமுக்கமாகச் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கும் நடக்காது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் முன் பம்பரும் ரேடியேட்டரும் போய், அந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவைவிட அதிகமாகக் கட்டிவிட்டு வந்தது. சஃபாரி கட்டணம் அவர்களுக்கு முதலில் அதிகமாகத் தெரிந்தது, உங்களுக்குத் தெரிகிற மாதிரியே.

ஆகவே என் முடிவு இதுதான். துபாய்க்குள்ளும், அபுதாபி, ஹத்தா மலைப்பக்கமும் சுற்ற ஒரு சாதாரண ஏழு சீட்டு வண்டியைத் தம்பியே எடுத்து ஓட்டட்டும். நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவில் 150 வெள்ளி (ரிங்கிட்) கட்டி அனைத்துலக லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரு வருடம் செல்லும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி ஓடுவது வலப்பக்கம். நம்மவர்கள் தடுமாறுவது பெரிய ரோட்டில் இல்லை, பெட்ரோல் நிலையத்தில் இருந்து வெளியே வரும்போதுதான். ஒரு நிமிடம் அசந்தால் கை பழகின பக்கம் போய்விடும். பக்கத்தில் உட்காருகிறவர் முதல் இரண்டு நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரலாம், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பணம் கார்டில் பிடித்து வைப்பார்கள், வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றே அது வராது. டோல், வேகக் கேமரா அபராதம் எல்லாம் வந்து சேரும் வரை இரண்டு மூன்று வாரம்கூட வைத்திருப்பார்கள், அந்தப் பணத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். வண்டி எடுக்கும்போது நாலு பக்கமும், கூரையும், சக்கர வளையமும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள்.

மணலுக்கு மட்டும் ஓட்டுநரோடு வண்டி எடுங்கள். மற்ற குடும்பங்களோடு சேர்த்து அடைத்து அனுப்புவதும் உண்டு, உங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தனி வண்டி தருவதும் உண்டு. மாமியாரும் சின்னக் குழந்தையும் இருப்பதால் தனி வண்டிக்கே கொடுங்கள், இந்த ஒரு இடத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள். தனி வண்டி என்றால் ஓட்டுநரிடம் "மெதுவாகப் போங்கள், போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கும். முன்பதிவு செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது: வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் தாங்குகிற கம்பிக் கூண்டு உள்ளே போட்ட வண்டியா, ஐந்து பேருக்கும் சீட் பெல்ட் வேலை செய்கிறதா, 3 வயதுக் குழந்தைக்கு இருக்கை தருவார்களா. அங்கே 4 வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம், 10 வயதுக்கும் 145 செண்டிமீட்டர் உயரத்துக்கும் குறைந்தவர் முன் சீட்டில் உட்காரக் கூடாது. மகன் முன்னால் உட்காருவேன் என்று அடம் பிடிப்பான், இப்போதே சொல்லி வையுங்கள். ஆனால் இருக்கை இருந்தாலும் 3 வயதுப் பிள்ளையை மேட்டில் ஏறி இறங்கித் தூக்கிப் போடுகிற ஓட்டத்துக்கு நான் அனுப்ப மாட்டேன், கழுத்து தாங்காது. ஒரு பெரியவர் பிள்ளையோடு சஃபாரிக்காரர்கள் மணலில் போட்டிருக்கிற கூடாரத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் போய் வரட்டும், பிறகு மாறிக்கொள்ளலாம். அந்த ஓட்டம் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். மத்தியானச் சாப்பாட்டை அரை வயிறாக வையுங்கள், வாந்தி எடுக்கிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. மணலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை, அதை அடக்கச் சொல்லவில்லை. துபாயில் மணலில் ஓட்டக் கற்றுத்தருகிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், அரை நாள் வகுப்பு. காலையில் நீங்கள் தனியாகப் போய், அவர்கள் வண்டியில், அவர்கள் பக்கத்தில் உட்கார, ஆசை தீர ஓட்டிவிட்டு வாருங்கள், வீட்டுக்காரர்கள் அதுவரை கடைத்தெருவில் இருக்கட்டும். குடும்பத்தோடு போகிற நாளைக் கற்றுக்கொள்ளும் நாளாக மட்டும் ஆக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் மச்சான் ஓமான் நாட்டு மஸ்கட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார், சொந்தமாக ஃபோர் வீல் வைத்திருக்கிறார், விடுமுறை நாளில் மணலுக்குப் போய்ப் பழகியவர். எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து அங்கே இருக்கிற வாஹிபா மணல்வெளிக்குப் போகலாம் என்கிறார். நான் இன்னொரு வண்டியை வாடகைக்கு எடுத்து அவர் பின்னால் வர வேண்டும். என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும்? — கோலகங்சார் வாசகர்

பதில்: மணல் தெரிந்த ஆள் ஒருவர், வண்டி இரண்டு, இப்படிப் போவதுதான் முறை. ஒற்றை வண்டியில் யாரும் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் மணலுக்கு அனுமதி எழுத்தில் இருக்கிற வண்டியாகப் பார்த்து எடுங்கள், மேலே சொன்னது உங்களுக்கும்தான். துபாயில் வண்டி எடுத்து எல்லை தாண்டி ஓமானுக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஓமானுக்குத் தனிக் காப்புறுதியும் கம்பெனியின் அனுமதிக் கடிதமும் வேண்டும், அதனால் மஸ்கட்டிலேயே எடுப்பது சுலபம்.

கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி டயர் காற்றில் இருக்கிறது. நம் ஊர் பெட்ரோல் நிலையத்தில் கிலோபாஸ்கல் கணக்கில் 230 என்று அடிப்போமே, அதை மணல் ஓரத்தில் நிறுத்தி 105-இல் இருந்து 125-க்குள் இறக்க வேண்டும், பி.எஸ்.ஐ. கணக்கில் 15-இல் இருந்து 18. காற்று குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படுத்துக்கொள்ளும், வண்டியின் எடை பரவும், மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். வெறும் பாதத்தில் சேற்றில் நடப்பதற்கும் பலகை போட்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. காற்று குறைந்த டயரோடு சட்டென்று வளைத்துத் திருப்பினால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும், திருப்பம் எல்லாம் அகலமாக, நிதானமாக. திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்காமல் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். வண்டி பாட்டரியில் ஓடுகிற சிறு காற்றடிக்கும் பம்பும், அழுத்தம் பார்க்கும் கருவியும் உங்கள் வண்டியிலும் தனியாக இருக்கட்டும், மச்சானிடம் இருக்கிறது என்று விட வேண்டாம்.

மேட்டில் நேராக ஏறு, நேராக இறங்கு, சரிவில் பக்கவாட்டில் போகாதே. உருண்ட வண்டிகளில் பல இப்படி உருண்டவைதான். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே எண்ணெயைக் குறைத்துவிட வேண்டும், மறுபக்கம் செங்குத்தாக இருக்கிறதா, யாராவது நிற்கிறார்களா என்று தெரியாது. பாதி மேட்டில் நின்றுவிட்டால் திருப்ப நினைக்காதீர்கள், ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே நேராகக் கீழே வாருங்கள். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து நிற்கும், எண்ணெயை விட்டுத் தானாக நிற்கவிடுங்கள், அதுவும் இறக்கம் பார்த்து. வழுக்காமல் பிடிக்கிற எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டை மணலில் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது, ஃபோர் வீல் எப்படி மாற்றுவது என்று வண்டி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் முதல் வேலை, காலை எண்ணெயில் இருந்து எடுப்பது. எல்லோரையும் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னாலும் அடிவயிற்றுக்குக் கீழேயும் மணலை அள்ளுங்கள், காற்றை இன்னும் கொஞ்சம் குறையுங்கள், சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள், இங்கே செம்பனை மட்டை போடுகிற மாதிரி. பிறகு மெல்ல எடுங்கள். மச்சான் வண்டி இழுக்க வேண்டி வந்தால், இழுக்கிற வாரை வண்டியில் அதற்கென்றே வைத்த கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும், டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் மாட்டவே கூடாது. அது பிய்ந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது பிள்ளைகள் வார் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

தெலுக் இந்தான் பக்கம் கரி மண் ரோடு பார்த்திருப்பீர்கள், மேலே காய்ந்து கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் உள்ளே வாங்கும். அதே மாதிரி வளைகுடாவில் சப்கா என்று உப்புத் தரை உண்டு, வெள்ளையாகத் தட்டையாக ஆடுகளம் மாதிரி தெரியும், மேல்தோடு உடைந்தால் கீழே குழைச்சேறு. மணலில் மாட்டியதை எடுத்துவிடலாம், சப்காவில் மாட்டினால் பெரிய வண்டி வந்தால்தான் உண்டு. வேறு சக்கரத் தடம் இல்லாத தட்டைத் தரையில் இறங்காதீர்கள்.

காலையில் போங்கள், குளிர்ந்த மணல் கெட்டியாக இருக்கும், மேடு பள்ளத்தின் நிழலும் தெரியும். உச்சி வெயிலில் நிழலே இல்லாமல் எல்லாம் ஒரே தட்டாகத் தெரிந்து பள்ளம் கண்ணுக்குப் படாது. தண்ணீர் ஆளுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல், அரை நாள் பயணமாக இருந்தாலும். வழி தவறினால் வண்டியை விட்டு நடந்து போகவே கூடாது, தேடுகிறவர்கள் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும். இரவில் ஓட்டுவதைத் தவிருங்கள், நம் தோட்டத்து ரோட்டில் மாடு படுத்திருப்பது போல அங்கே ஒட்டகம். மோதினால் கால் உடைந்து அந்த உடம்பு முழுக்க கண்ணாடி மேல் வந்து விழும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போகிறோம். பின்னக்கல்ஸ் என்கிற பாலைவனத்தைப் பார்க்க ஃபோர் வீல் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்கிறார், வாடகை இரண்டு மடங்காக இருக்கிறது. உண்மையா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், கூலிம்

பதில்: தேவையில்லை ஐயா. பெர்த்தில் இருந்து வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர், கடலோரமாக முழுக்கத் தார் ரோடு. நம்புங் தேசியப் பூங்காவுக்குள் சுண்ணாம்புக்கல் தூண்கள் ஆயிரக்கணக்கில் மஞ்சள் மணலில் நட்டு வைத்த மாதிரி நிற்கும், அதற்கு நடுவே சுமார் 4 கிலோமீட்டர் வளைவுப் பாதை, மைவி மாதிரி சின்ன வண்டியே மெதுவாகப் போய்விடும். அங்கே நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம், உங்களுக்குச் சிரமம் இருக்காது. போகிற வழியில் லான்சலினில் வெள்ளை மணல்மேடு, பலகையில் உட்கார்ந்து சறுக்கலாம், பேரப்பிள்ளைகளுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு. அந்த மேட்டின் மேல் வாடகை வண்டியை ஏற்ற மட்டும் விடாதீர்கள். தூண்களின் நிழல் நீளமாக விழுகிற மாலையில்தான் அழகு, ஆனால் இருட்டிய பிறகு கங்காரு ரோட்டுக்கு வரும், அதனால் ராத்திரி பெர்த் திரும்பாமல் பக்கத்தில் செர்வாண்டிஸ் ஊரில் தங்கிவிட்டு காலையில் வாருங்கள். மிச்சமாகிற வாடகையில் தங்கும் செலவு வந்துவிடும்.

கேள்வி: 14 வயது மகன் துபாயில் மணல் பைக் ஓட்ட வேண்டும் என்கிறான். — ஈப்போ

பதில்: பெரிய எஞ்சின் வைத்தது வேண்டாம். கவிழ்ந்தால் வண்டி முழு எடையும் பிள்ளை மேல். வேலி போட்ட இடத்தில், வயதுக்கேற்ற சின்ன வண்டி, தலைக்கவசம், ஓட்டுகிற இடத்தில் ஒரு ஆள் கூடவே இருக்கிறார் என்றால் மட்டும் சரி. ரோட்டோரம் நிறுத்தி வைத்து வா வா என்று கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு 67 வயது. முப்பது வருடம் பால்மரம் சீவியவள், இப்போது முட்டியும் முதுகும் சரியில்லை. மகன் குடும்பத்தோடு துபாய்க்குக் கூப்பிடுகிறான். பாலைவனத்துக்குப் போகிற அன்று மட்டும் நான் ஓட்டல் அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சந்தோஷமாகப் போய் வரட்டும், நான் எதற்கு இடைஞ்சல் என்று. நான் செய்தது சரிதானே? — சுங்கை சிப்புட்

பதில்: சரியில்லை அம்மா. போக வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது, எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க" என்பார், நாங்களும் சரி என்று போய்விடுவோம், இப்போது நினைத்தால் வலிக்கிறது.

மணல் மேட்டில் தூக்கிப் போடுகிற ஓட்டத்துக்கு நீங்கள் போக வேண்டாம், முதுகு வலி உள்ளவர்களுக்கு அது ஆகாது, உங்கள் டாக்டரும் அதையே சொல்வார். ஆனால் அந்த ஓட்டம் இல்லாமல், மெதுவாகக் கூடாரத்துக்கே கொண்டுபோய் விடுகிற ஏற்பாடு உண்டு, முன்பதிவு செய்யும்போதே மகன் கேட்டு வாங்க வேண்டும். கூடாரத்தில் தரையில் மெத்தை போட்டுத்தான் உட்கார வைப்பார்கள், முட்டி மடக்க முடியாது என்று சொல்லி நாற்காலி கேட்கச் சொல்லுங்கள். கழிவறை எவ்வளவு தூரம், மணலில் நடக்க வேண்டுமா என்பதையும் கேட்கட்டும், அது முக்கியம், வெட்கப்படாதீர்கள். அந்த உயரமான வண்டியில் ஏறச் சின்ன முக்காலி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டால் நல்லது. சாப்பாடு பெரும்பாலும் சுட்ட இறைச்சி, சோறு, ரொட்டி, பருப்பு, காய்கறியும் இருக்கும், சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து கைப்பையில் இருக்கட்டும், ஓட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், திரும்ப ராத்திரி ஒன்பது மணி ஆகிவிடும்.

காலுக்கு மூடின செருப்பு போடுங்கள். சூரியன் இறங்குகிற நேரம் நாற்காலியை மணல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி உட்காருங்கள், செம்மண் நிறத்தில் இருக்கிற மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போகும், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இருட்டியதும் குளிரும் அம்மா, டிசம்பரில் அங்கே ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும், நம் ஊர் உடம்புக்கு அது கேமரன் மலைக் குளிர். கம்பளிச் சட்டையும் காதுக்கு ஒரு துணியும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.